முப்பத்தொரு ஆணி ஓட்டைகள்

ஜூன் 1, சனி

காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டேன். மேல்தொட்டி நிறைய நாற்பது நிமிடம். போன வாரம் முப்பத்தெட்டு.

மாடியில் குடியிருக்கும் ஜெபசெல்வி வாடகை கொண்டுவந்தார். மூன்று வருடமாக ஒன்றாம் தேதி எட்டு மணிக்குள் கவர் வந்துவிடும். இன்று கவர் இரண்டு. ஒன்றில் பதினைந்தாயிரம். மற்றதில் கடிதம். வேலூரில் ஒரு மருத்துவமனையில் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேர வேண்டும், ஜூலை முப்பத்தொன்றில் வீட்டைக் காலி செய்கிறார். ஒப்பந்தப்படி இரண்டு மாத முன்னறிவிப்பு, ஒரு நாள் கூடவில்லை, ஒரு நாள் குறையவில்லை. இப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று மனைவி கோமதியிடம் சொன்னேன். அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கடிதத்தின் கடைசி வரியில், தான் கொடுத்த ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் அட்வான்ஸை அன்றே தந்தால் வேலூர் வீட்டுக்குக் கட்ட உதவியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார். நியாயமான கோரிக்கை. பணம் பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

மாலையில் காலண்டரைப் பார்த்தேன். ஜூலை 31 என்பது ஆடி பதினைந்து.

ஜூன் 2, ஞாயிறு

வங்கிக் காலண்டரிலும் பார்த்தேன். ஆடி பதினைந்தேதான்.

ஜூன் 8, சனி

ஜெபசெல்வியைக் கூப்பிட்டுப் பேசினேன். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்த ஊர் நாசரேத். மகள் ரெனிட்டா நாலாம் வகுப்பு. கணவர் இல்லை. பிரிந்தாரா, காலமானாரா என்று நான் கேட்டதில்லை. குடிவரும்போது வாடகை தவறாமல் வருமா என்று மட்டும் கேட்டேன்.

ஆனி மாதத்துக்குள்ளேயே காலி செய்ய முடியுமா, இல்லாவிட்டால் ஆவணி பிறக்கும்வரை இருக்க முடியுமா என்று விசாரித்தேன். ஆடியில் யாரும் பால் காய்ச்சிக் குடிவர மாட்டார்கள், வீடு ஒரு மாதம் சும்மா கிடக்கும் என்பதை விளக்கினேன்.

"சேர்ற தேதி அவங்க குடுத்தது சார். எங்களுக்கு ஆடி எல்லாம் கிடையாதே" என்றார்.

அவர்கள் வேதத்தில் ஆடி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் இருக்கும் கொளத்தூரில் இருக்கிறதே.

ஜூன் 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்பதால் வாசல் கதவுக்கு லின்சீட் எண்ணெய் போட்டேன். தேக்கு. நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை. காரைக்குடி ஆசாரி செய்தது. இந்தத் தெருவில் நாற்பத்தாறு வீடுகள் இருக்கின்றன. இப்படி ஒரு கதவு கிடையாது. தபால்காரர்கூட ஒருமுறை நின்று பார்த்தார்.

அட்வான்ஸ் விஷயத்தில் எனக்கு ஒளிவுமறைவு எதுவும் இல்லை. நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதிதாக வருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கி, போகிறவருக்குக் கொடுப்போம். ஜெபசெல்வி கொடுத்ததை அவருக்கு முன் இருந்த நித்தியகுமாருக்குக் கொடுத்தேன். நித்தியகுமாருடையதை அதற்கு முன் இருந்த எல்.ஐ.சி. தம்பதிக்கு. அந்தத் தம்பதிதான் மாடி கட்டி முடித்ததும் வந்த முதல் குடித்தனம். அவர்கள் கொடுத்த அட்வான்ஸுக்கு அந்த வருடமே ஒரு முக்கியமான தேவை ஏற்பட்டது. கதவு.

ஆகவே பணம் எங்கும் போய்விடவில்லை. இருக்கும் இடம் தெரியும் என்ற பொருளில் பத்திரமாகவே இருக்கிறது.

வங்கியில் ஒரு வைப்புத்தொகை இருக்கிறது, மூன்று லட்சம். அது வேறு. வருகிற தையில் எனக்கு எழுபது. திருக்கடையூரில் சாந்தி செய்துகொள்ள அதை ஒதுக்கி ஆறு வருடமாகிறது. ஒதுக்கிய பணத்தைத் தொடக் கூடாது.

ஜூன் 22, சனி

கேட்டில் 'வீடு வாடகைக்கு' போர்டு மாட்டியதில் மூன்று பேர் வந்தார்கள். முதலாமவருக்கு ஐந்து பூனை. இரண்டாமவருக்கு வீடு பிடித்தது, ஆனால் ஆனி முடிவதற்குள் வர வேண்டுமாம். மேலே ஆள் இருக்கிறது என்றேன். மூன்றாமவர் கதவைப் பார்த்துவிட்டு வாடகை இருபதுக்கு மேல் இருக்கும் என்று நினைத்துக் கேட்காமலே போய்விட்டார்.

ஜூலை 1, திங்கள்

எட்டு மணிக்குள் கவர் வந்தது.

இந்த மாதம் வராது என்று நினைத்திருந்தேன். காலி செய்கிறவர்கள் கடைசி மாதங்களில், வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது வழக்கம். அப்படிச் சொன்னால் அது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கும் பதினைந்தாயிரம் பாரம் குறைந்திருக்கும். சிலர் ஒழுங்காக இருப்பதில் நமக்குத்தான் சங்கடம்.

கொத்தவரங்காய் கிலோ அறுபது. தராசில் முத்திரை இல்லை. ஓய்வுபெற்றவன் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 6, சனி

மாடியைச் சோதனை போட்டேன். முப்பத்துமூன்று வருடம் எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்தவனுக்கு எதையும் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது ஆகாது. டேப், டார்ச், நோட்டு. இனிப்புக் கடையில் அட்டைப் பெட்டியையும் சேர்த்து எடை போட்டவர்களைப் பெட்டியைத் தனியாக நிறுத்துக் காட்டிப் பிடித்தவன் நான். பெட்டி எழுபது கிராம். எழுபது கிராமுக்கு வழக்குப் போட்டால் வியாபாரிகள் சிரிப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிடும்.

ஜெபசெல்வி வேலைக்குப் போயிருந்தார். சாவியைக் கோமதியிடம் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். கோமதி டார்ச் பிடித்தாள். கண்டவை: சமையலறைக் குழாய் ஒழுகல், ஒன்று. சுவிட்சு மூடி விரிசல், ஒன்று. சுவர்களில் ஆணி ஓட்டை, ஹாலில் பதினான்கு, படுக்கையறையில் பதினொன்று, சமையலறையில் ஆறு. மொத்தம் முப்பத்தொன்று.

மூன்று வருடத்தில் முப்பத்தொன்று. ஆண்டுக்குப் பத்துக்கு மேல். அத்தனை ஆணியில் அந்த அம்மாள் எதைத்தான் மாட்டினார் என்று தெரியவில்லை. சுவரில் ஒரு காலண்டரும் ஒரு சிலுவையும் மட்டுமே இருந்தன.

பெயின்ட் பிடித்தம் ஒரு மாத வாடகை, பதினைந்தாயிரம். இது ஊர் வழக்கம். குழாயும் மூடியும் எண்ணூறு.

கோமதி டார்ச்சை அணைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள். நான் இன்னும் ஜன்னல் பக்கம் போகவில்லை. டார்ச் இல்லாததால் அதோடு முடித்துக்கொண்டேன்.

ஜூலை 12, வெள்ளி

கதவுக்கு எண்ணெய்.

சாயங்காலம் ஜெபசெல்வி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வேலூரில் வீடு பார்த்துவிட்டாராம். அந்த வீட்டுக்காரர் ஜூலை முடியும்வரைதான் காத்திருப்பார், எண்பதாயிரம் கொடுத்தால் வீட்டை நிறுத்தி வைப்பார். பாதி அட்வான்ஸை முன்கூட்டித் தர முடியுமா என்று கேட்டார். வீடு கிடைக்காவிட்டால் அவர் மருத்துவமனை விடுதியில் தங்க வேண்டும். அங்கே குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. ரெனிட்டாவை நாசரேத்தில் அக்கா வீட்டில் விட வேண்டியிருக்கும்.

ஆடி முடியட்டும், ஆவணி முதல் வாரம் முழுப் பணமும் ஒரே தடவையாகத் தந்துவிடுகிறேன் என்றேன். பிடித்தப் பட்டியலையும் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். ஆணி ஓட்டை என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றார். புதுச் சட்டத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று ஆய்வகத்தில் யாரோ சொன்னார்களாம். ஆய்வகத்தில் ரத்தம் பார்ப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

போகும்போது கேட்டார். "பணம் இருக்குல்ல சார்?"

"பத்திரமா இருக்கும்மா" என்றேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. போர்டைப் பார்த்து ஒருவரும் வரவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ஜெபசெல்வியின் அக்கா வந்து ரெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு போனார். குழந்தை கீழே வந்து என்னிடமும் சொல்லிக்கொண்டது. பையில் பாடப் புத்தகங்களும் ஒரு ரப்பர் பந்தும் இருந்தன. "நான் திரும்பி இங்க வர மாட்டேனாம் தாத்தா, நேரா வேலூர்தானாம். எப்பன்னு உங்களுக்குத் தெரியுமாம், அம்மா சொன்னாங்க" என்றது.

ஆவணி முதல் வாரம் என்று சொன்னேன். அதற்கு ஆவணி எந்த மாதம் என்று தெரியவில்லை. ஆகஸ்ட் என்றேன்.

கோமதி பஸ் நிலையம்வரை போய்விட்டு வந்தாள். இரவு ரசத்தில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை.

ஜூலை 31, புதன்

ஆடி பதினைந்து. காலி செய்தார்.

குட்டி யானை வண்டி ஒன்பது மணிக்கு வந்தது. பீரோ, கட்டில், மெத்தை, ஒரு தையல் மெஷின். சாமான்களை வேலூரில் கூட வேலை பார்க்கப்போகிறவர் வீட்டு மொட்டைமாடி அறையில் போட்டுவைக்கப் போகிறாராம். வண்டியில் ஏற்றுகிற ஆட்கள் கதவில் இடிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

எல்லாம் ஏற்றிய பிறகு மேலே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிச்சமிருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்துச் சொன்னேன். மறக்கவில்லையாம். நாற்காலியை ஹாலின் நடுவில் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என் சாமான் உள்ள இருக்கு சார். அட்வான்ஸ் வந்ததும் எடுத்துக்கிட்டு சாவியைக் குடுத்துடறேன்."

குரலை உயர்த்தவில்லை. பூட்டைப் பார்த்தேன். பூட்டு அவருடையது. வரும்போதே நல்ல பூட்டாக வாங்கிப் போட்டிருந்தார். அதை அப்போது பாராட்டினேன்.

கோமதி ஒரு டப்பாவில் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். அது எப்போது செய்தாள் என்று தெரியாது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நிலைமையைத் தொகுத்து எழுதினால் நல்லது. சாவி இல்லாமல் வீட்டைக் காட்ட முடியாது. வீட்டைக் காட்டாமல் ஆள் வராது. ஆள் வராமல் அட்வான்ஸ் வராது. அட்வான்ஸ் வராமல் சாவி வராது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

இதைக் கோமதியிடம் விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, பேங்கில் இருக்கிறதை எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன என்றாள். அது திருக்கடையூருக்கு ஒதுக்கியது என்றேன்.

"அந்தப் பிள்ளை ஒரு ஊர்ல, அவ ஒரு ஊர்ல. அவ பணத்தை வெச்சுக்கிட்டு மாலையும் கழுத்துமா உங்க பக்கத்துல வந்து நான் உக்கார மாட்டேன்" என்றாள்.

அவள் பணத்தை நான் வைத்துக்கொண்டிருக்கவில்லை, நித்தியகுமாருக்குக் கொடுத்தேன் என்று மறுபடியும் நடைமுறையைச் சொல்ல ஆரம்பித்தேன். கோமதி எழுந்து போய்த் துணி காயப்போட்டாள். முப்பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் நான் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போனது இது இரண்டாவது முறை. முதல் முறை கதவு வாங்கிய அன்று.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஜெபசெல்வி தொலைபேசியில் கூப்பிட்டார். வேலூர் வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். வேறு வீடு பார்க்கிறார். ஆணி ஓட்டை பற்றி ஒரு சந்தேகம் என்றார். தான் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை, காலண்டரும் சிலுவையும் ஏற்கெனவே இருந்த ஆணியில் மாட்டியவை, மீதி ஆணிகளைக் குழந்தை கையைக் கிழிக்கும் என்று பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டுக் கீழே கோமதி அம்மாவிடம் கொடுத்ததாகச் சொன்னார். சான்று இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

சான்று என்னிடம் இருக்கும். 1986 முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன், ஒன்றையும் எறிந்ததில்லை. அவர் சொல்வது தவறு என்பதைக் காட்டுவதற்காகப் பரணில் ஏறி மூன்று வருடத்துக்கு முந்தையதை எடுத்தேன். நித்தியகுமார் காலி செய்த வாரம். என் கையெழுத்து:

'மாடி சோதனை. ஆணி ஓட்டை ஹாலில் 14, படுக்கையறை 11, சமையலறை 6. மொத்தம் 31. பெயின்ட் பிடித்தம் 12,000. நித்தியகுமார் முணுமுணுத்தார், கையெழுத்துப் போட்டார்.'

நான்கு நாள் கழித்து:

'பெயின்டர் ஒன்பதாயிரம் கேட்கிறார். சுவர் சுத்தமாகத்தான் இருக்கிறது. வருகிறவர்கள் ஏதாவது மாட்டிக்கொள்வார்கள், ஓட்டை தெரியாது. பெயின்ட் அடிக்கவில்லை. புது மோட்டார் வாங்கினேன்.'

கூட்டலைச் சரிபார்த்தேன். பதினான்கும் பதினொன்றும் ஆறும் முப்பத்தொன்றுதான்.

எல்.ஐ.சி. தம்பதி காலி செய்த வருடத்து நாட்குறிப்பும் பரணில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

கோமதியிடம் ஆணி டப்பாவைப் பற்றிக் கேட்டேன். தன் தையல் மெஷின் பக்கத்தில் இருந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். இருபத்தொன்பது ஆணி. துரு.

ஆகஸ்ட் 12, திங்கள்

மோட்டார் ஓடியது. நாற்பத்திரண்டு நிமிடம்.

இன்று வேறு எதுவும் எழுதுவதற்கில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எழுதுவதற்கு இருக்கிறது. ஒரே பெட்டியை இரண்டு பேருக்கு எடையில் சேர்த்தவனை நான் விட்டதில்லை.

இருந்தாலும் ஆவணி நான்கு நாளில் பிறக்கிறது. புது ஆள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். பிடித்தம் போடாமல் முழுதாகவே கொடுத்துவிடலாம். திருக்கடையூரும் நடக்கும். அப்படி யோசித்ததில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி இரண்டு. கலைவாணன் என்று ஏ.சி. கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் பையனும் அவர் மனைவியும் பத்து மணிக்கு வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். போனில் பேசியதிலேயே அட்வான்ஸுக்குத் தயாராக இருப்பது தெரிந்தது. ஜெபசெல்வியிடம் சொன்னேன். அவர் காலை ரயிலில் சாவியோடு வந்துவிட்டார். இரவு வேலை முடித்து நேராக வந்தாராம். கண்ணில் தெரிந்தது.

வீடு பார்க்க வருகிறவர்கள் ஹாலைப் பார்ப்பார்கள், அறையைப் பார்ப்பார்கள், அப்புறம் பெண்கள் இரண்டு பேரும் சமையலறைக்குள் போய்விடுவார்கள். அங்கேதான் உண்மையான விசாரணை. வீட்டுக்காரர் எப்படி என்று போகிறவளிடம் கேட்காமல் யாரும் வீடு பிடிப்பதில்லை. நான் மாடிப்படியில் நின்றேன். படிக்கு மேலேதான் சமையலறை ஜன்னல். காற்றுக்காக நின்றேன்.

தண்ணீர் எப்படி என்று அந்தப் பெண் கேட்டது. நல்ல தண்ணீர், தட்டுப்பாடு வந்ததே இல்லை, சாரே காலையில் ஏறிப் பார்த்து மோட்டார் போடுவார் என்றார் ஜெபசெல்வி. கொசு உண்டு. தொந்தரவு கிடையாது. அம்மா தங்கமானவர். சாரும் வாடகையை ஏற்ற மாட்டார், வீணாகப் பேச மாட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

"அட்வான்ஸ் குடுத்துட்டாங்களாக்கா?"

நான் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். குடுத்தாச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அரை மணியில் அவர் பணம் அவர் கைக்கு வந்துவிடும், குழந்தை வந்துவிடும். அது அவருக்கும் தெரியும்.

"இன்னும் இல்லம்மா. நீங்க குடுக்கறதுல இருந்துதான் எனக்குத் தருவாங்க."

"அப்ப நாங்க போறப்ப?"

"உங்களுக்குப் பின்னாடி வர்றவங்க குடுக்கணும்."

கீழே வந்தார்கள். கோமதி காபி கொடுத்தாள். கலைவாணன் மரியாதையான பையன், காபியைக் குடித்துவிட்டுத்தான் கேட்டார். "தப்பா நினைக்காதீங்க சார். நாங்க குடுக்கற பணம் பேங்க்லதானே இருக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். பத்திரமாக என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது.

"கதவுல இருக்கும் தம்பி" என்றாள் கோமதி. "தேக்கு. வரும்போது பாத்திருப்பீங்களே."

பையன் கதவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். வெள்ளிக்கிழமை போட்ட எண்ணெய் பளபளவென்று இருந்தது. வீட்டில் கலந்து சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

ஜெபசெல்வி மேலே போய்ப் பூட்டிவிட்டு வந்தார். ஒரு மணிக்கு ரயில். கேட் வரைக்கும் கூடப் போனேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள், உங்களுக்குத்தானே நஷ்டம் என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"கேட்டாங்களே சார்" என்றார்.

முப்பத்துமூன்று வருடம் கடைக்காரர்களிடம் நான் எதிர்பார்த்தது அந்த ஒன்றைத்தான். கேட்டால் சொல்ல வேண்டும். ஒருவரும் சொன்னதில்லை. அவர் ஆட்டோவில் ஏறிப் போன பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. வெயிலும் இருந்தது, ஆனால் வெட்கம்தான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

வங்கிக்குப் போனேன். வைப்புத்தொகையை உடைக்க வேண்டும் என்றேன். கவுண்டரில் இருந்த பெண், முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டியில் ஒரு சதவீதம் பிடித்தம் என்றது. எதற்குப் பிடித்தம் என்று கேட்டேன். விதி என்றது. என் பணம், நான் கொடுத்தது, நான் திரும்பக் கேட்கிறேன், இதில் நீங்கள் எதைக் கழிக்கிறீர்கள், உங்கள் சுவரில் நான் ஆணியா அடித்தேன் என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அதன்பிறகு அந்தப் பெண் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

மீதிப் பணத்தில் ஆகாது, திருக்கடையூர் இல்லை என்று கோமதியிடம் சொன்னேன். "நம்ம தெரு முனைப் பிள்ளையார் போதும்" என்றாள். சாயங்காலம் பஜ்ஜி போட்டாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நித்தியகுமாரின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொன்னது. மூன்று முறை சொன்னது. பன்னிரண்டாயிரத்தைத் தனிக் கவரில் போட்டு மேலே அவர் பெயரை எழுதி பீரோவில் வைத்தேன்.

கதவுக்கு எண்ணெய் போடவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஜெபசெல்வி பதினொரு மணிக்கு வந்தார். ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் முழுதாக மேஜைமேல் வைத்தேன். பட்டியலைக் கிழித்துவிட்டதாகச் சொன்னேன். ஓட்டைகள் உங்களுடையவை இல்லை, என் நாட்குறிப்பில் பார்த்தேன் என்றும் சொன்னேன். அவர் பணத்தை எண்ணினார். நிதானமாக, இரண்டு தடவை. கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலூரில் வேறு வீடு அமைந்துவிட்டதாம். இன்று இரவே நாசரேத்துக்குப் போய்ப் புதன்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். நாற்காலியைக் கோமதிக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

புறப்படும்போது நின்று, பணக் கட்டிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை உருவி மேஜைமேல் வைத்தார்.

"பாத்ரூம் வென்டிலேட்டர் கண்ணாடி சார். போன கிறிஸ்மஸ் லீவுல ரெனிட்டா பந்து போட்டு உடைச்சுட்டா. கொசு வருதுன்னு அட்டை வெச்சிருந்தேன். உங்க லிஸ்ட்ல வரலை."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் வாசற்படி இறங்கிவிட்டார்.

மேலே போய்ப் பார்த்தேன். இருந்தது. அட்டையை எடுத்தால் குறுக்கே உடைந்த கண்ணாடி, பாதிதான் மிச்சம். முப்பத்தொரு ஆணி ஓட்டையை டார்ச் அடித்து எண்ணியவன் கண்ணில் அது படவில்லை. அந்த வீட்டில் அவர்கள் பக்கம் இருந்த தவறு அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 26, திங்கள்

வென்டிலேட்டரை அளந்தேன். ஒன்பது அங்குலத்துக்குப் பன்னிரண்டு. கண்ணாடிக் கடையில் நூற்றெண்பது ரூபாய், பொருத்துக்கூலி சேர்த்து. பெயின்டரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஓட்டைகளை முதலில் அடைக்க வேண்டுமாம்.

மீதி முந்நூற்று இருபதை ஜெபசெல்விக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அவருடைய வங்கிக் கணக்கு எண்ணைத் தேடினேன், என்னிடம் இல்லை. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பணம் எப்போதும் மாடியிலிருந்து கீழேதான் வந்துகொண்டிருந்தது.

நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.